பாரா புத்தகம்

பதினோரு வருஷம் நான்தான் எழுதினேன்
அஸ்தம்பட்டி ஜெயிலின் பாரா புத்தகத்தை.
நீல மை, இரட்டைக்கோடு,
யார் எங்கே, எத்தனை மணிவரை.

மூன்றாம் கோபுரத்துக்கு விரும்பிப் போகிறவன் கிடையாது.
மார்கழியில் ஏற்காட்டிலிருந்து இறங்கும் பனி
மதிலில் பாதியைத் தின்றுவிடும்.
விசிலடித்து, பதில் விசில் வரும்வரை
அங்கே ஒருவன் இருக்கிறானா என்பதே சந்தேகம்.
யாரைப் போடுவேன்? சிபாரிசு இல்லாதவனை.
நங்கவள்ளி இருசப்பனை
விடாமல் பதினேழு ராத்திரி ஏற்றியிருக்கிறேன்.
மெயின் கேட்டில், மின்விசிறிக்கு நேர் கீழே,
சூப்பரின்டெண்டு டிரைவரின் மச்சான்.
ஒரு பெட்டி மல்கோவா வீடு தேடி வந்தது.
தின்றேன்.
இனிப்பாகத்தான் இருந்தது.

பங்குனியில் வந்தது சுற்றறிக்கை.
இனி எல்லாச் சிறைக்கும் ஒரே கணக்கு.
இத்தனை கைதிக்கு இத்தனை காவலர்,
கோபுரத்தில் நான்கு மணிநேரம்,
ஒரே இடத்தில் மூன்று நாளுக்கு மேல் கூடாது.
பெயருக்குக் கட்டமே இல்லை, எண்தான்.
கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்,
நான் கையெழுத்துப் போடுவேன்.

மச்சான் முதன்முறையாக மூன்றாம் கோபுரம் ஏறினான்.
நாற்பத்திரண்டு படி என்று
இறங்கி வந்து எல்லோரிடமும் சொன்னான்,
அவன்தான் கட்டியதுபோல.
இருசப்பன் கேட்டில் நின்றான்,
காற்று வரும் இடத்தில் எப்படி நிற்பதென்று தெரியாமல்
தொப்பியைக் கழற்றிக் கழற்றி மாட்டிக்கொண்டு.
எனக்குச் சந்தோஷம். பக்கத்திலேயே
நகக்கண்ணில் மை மாதிரி கொஞ்சம் வெட்கம்.

ஆனால் ஆறாம் தொகுதியில் செங்கோடன் இருக்கிறான்.
ஆயுள் கைதி, கொளத்தூர்க்காரன்.
அமாவாசை ராத்திரியில் தலையைச் சுவரில் மோதுவான்.
சீஃப் வார்டர் சவரிராஜ் போய்
கம்பிக்கு வெளியே குந்தி
மேட்டூர் அணையில் இன்றைக்கு எத்தனை அடி என்று
பேச்சுக் கொடுத்தால் தணிவான்.
வேறு மருந்துக்கு அவன் அடங்கியதில்லை.
அதனால் அமாவாசைக்கு அமாவாசை
ஆறாம் தொகுதி, சவரிராஜ் என்று எழுதுவேன்.
ஏனென்று எழுதியதில்லை.
காரணத்துக்கு என் புத்தகத்திலும் கட்டம் இல்லையே.
சித்திரை அமாவாசைக்குச் சவரிராஜுக்கு விழுந்தது
சமையல்கட்டு.
செங்கோடனுக்கு ஏழு தையல்.

இன்னொன்று. ஆத்தூர் கிளைச்சிறையில் பத்தொன்பது பேர்;
கணக்குப்படி அங்கே ஒரு காவலர் உபரியாம்,
பிடுங்கி எங்களுக்கு அனுப்பினார்கள்.
மிச்சமிருந்த அருள்தாஸ் ராத்திரி இரண்டரைக்குக் கூப்பிட்டான்.
“அண்ணே, வயிறு சரியில்ல. கக்கூஸ் போவணும்.
சாவிய யார்கிட்ட குடுக்க?”
படிவத்தைப் புரட்டினேன்.
காவலருக்கு வயிறு உண்டென்று எங்கும் போடவில்லை.
“கையோட எடுத்துட்டுப் போ.
போனை லாக்கப் பக்கத்துல வெச்சுட்டுப் போ.”

பதினோரு நிமிஷம்
சேலத்தில் உட்கார்ந்தபடி
ஆத்தூருக்குக் காதால் பாரா பார்த்தேன்.
ஓர் இருமல்.
தண்ணீர்ப் பானையில் டம்ளர் இடிக்கும் சத்தம்.
யாரோ தூக்கத்தில்
ஒரு பெண்ணின் பெயரைச் சொல்லி
போதும் போதும் என்றார்கள்.
பிறகு செருப்புச் சத்தம், அருள்தாஸின் மூச்சு,
“இருக்காங்கண்ணே. எல்லாரும் இருக்காங்க.”

குறைகள் இருப்பின் தெரிவிக்கவும் என்று
இப்போது கேட்டிருக்கிறார்கள்.
அரை அங்குலம் இடம் விட்டிருக்கிறார்கள்.
ஆத்தூருக்கு இன்னோர் ஆள் என்று எழுதிவிட்டேன்.
சவரிராஜ் என்று எழுதப் போன பேனா நின்றது.
ஒரு பெயருக்குக் கதவைத் திறந்தால்
நாளைக்கு மச்சானும் ஒரு காரணத்தோடு வருவான்.
காரணம் நல்லதாகவே இருக்கும்.
மல்கோவாவும் சீசனில்தான் இருக்கிறது.

வியாழக்கிழமை அமாவாசை.
சவரிராஜுக்கு இந்தமுறை மெயின் கேட்.
எனக்கு ஆறு மணிக்கு வேலை முடிகிறது.
வீட்டில் லேட்டாகும் என்று சொல்லிவிட்டேன்.
மேட்டூரில் எத்தனை அடி என்று
விசாரித்து வைத்திருக்கிறேன்.